போடி வெயிலை நம்பி

பறித்த ஏலக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. அன்றைக்கே அலசி, ஸ்டோருக்குள் தட்டுத் தட்டாகப் பரப்பி, சூடு ஏற்றியாக வேண்டும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது காய் உலர்த்தும் கூடத்தை. அங்கே ஒரே அளவான சூட்டில் ஒரு முழு நாள் கிடந்தால் காய் பச்சை மாறாமல், குலுக்கினால் கலகலக்கிற மாதிரி உலர்ந்து வரும். சூடு குறைந்தால் வெளுத்துப்போகும். இன்னும் குறைந்தால் புழுங்கி நாறும். போடிக்கு ஏலம் எடுக்க வருகிற வியாபாரிகள் முதலில் உள்ளங்கையில் கொட்டி ஒரு பார்வை பார்ப்பார்கள். பச்சை இல்லையென்றால் கையைத் தட்டிவிட்டு அடுத்த சாக்குக்கு நகர்ந்துவிடுவார்கள். வருஷம் முழுக்கப் பட்ட பாடு அந்த ஒரு பார்வையில் முடிந்துபோகும்.

எங்கள் வீடு போடியில். ஏலக்காடு, போடிமெட்டைத் தாண்டி மலையாளத்துப் பக்கம் இறங்குகிற சரிவில். இங்கே பாதிப் பேருக்கு அப்படித்தான், மேலே காடு, கீழே வீடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பேங்க் எல்லாம் கீழே. சம்பாத்தியம் மட்டும் மேலே. அதனால் மேலே நடக்க வேண்டிய காரியத்துக்கெல்லாம் கீழே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துதான் முடிவு எடுப்போம். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் இரண்டு விரோதிகள். ஒன்று விறகு, இன்னொன்று டீசல். மற்றபடி ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காத மனுஷர். முந்தியெல்லாம் எல்லா ஸ்டோரும் விறகில்தான் எரிந்தது. ஏலம் வெயில் தாங்காத செடி. பலா, அயினி, சந்தனவேம்பு என்று பெரிய மரங்களின் நிழலில்தான் பிழைத்துக் கிடக்கும். அந்த மரத்தின் கிளையைக் கழித்துக் கழித்து, அதன் கீழே விளைந்த காயைக் காயவைத்தால் என்ன ஆகும்? அக்கம்பக்கத்தில் பல காடுகள் அப்படித்தான் மெலிந்துபோயின. இவர் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையாக விறகு அடுப்பை மூடிவிட்டு டீசல் பர்னரைக் கொண்டுவந்து வைத்தார். மரம் தப்பியது. ஆனால் டீசல் வாயைத் திறந்துகொண்டது.

ஸ்டோருக்கு டீசல். பறிக்க வருகிற பெண்களை விடியற்காலையில் ஏற்றி வருகிற ஜீப்புக்கு டீசல். மருந்தடிக்கிற மெஷினுக்குப் பெட்ரோல். காய்ந்த மூட்டையைக் கீழே இறக்க மறுபடி டீசல். "ஏலக்காய்ல மணக்குறது பாதி டீசல்தான்" என்பார். ஒரு மழைக்காலத்தில் எங்கோ கடலில் சண்டை என்று சொல்லி, போடியில் பங்க்குகளில் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற கூட்டத்தில் இவரும் நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"இந்தா பாரு, இது இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் தீரப்போற சாமான். தீர்ற அன்னைக்கு யோசிச்சா விளங்குமா? இப்பவே ஒரு ஏற்பாடு பண்ணணும்."

"விறகும் வேணாம், டீசலும் வேணாம்னா எதுல காய வைக்கப் போறீங்க? உங்க மூச்சுக் காத்துலயா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மறுபடி மரத்துல கைய வைக்கிற நெலம மட்டும் வரக் கூடாது. மரம் போனாக் காடு போச்சு. காடு போனா நம்மகிட்ட என்னதான் இருக்கு?" என்றார். உண்மைதான். வேறு ஒன்றும் இல்லை. போடியில் ஒரு வீடும், அதில் உட்கார்ந்து பேச எனக்கு ஒரு வாயும்தான் மிச்சம்.

அவர் முதலில் போட்ட திட்டம் நல்ல திட்டம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். எங்கள் காட்டின் நடுவே ஒரு ஓடை இறங்குகிறது. கோடையில் நூல் மாதிரி கிடக்கும். ஆடி பிறந்துவிட்டால் பாறையைப் புரட்டுகிற வேகத்தில் ஓடும். ஏலம் காய்க்கிறதும் அதே மாதங்கள்தான். எப்போது நமக்குச் சூடு வேண்டுமோ அப்போது தண்ணீர் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறது. மேலே இருந்து குழாயில் இறக்கி, கீழே ஒரு மெஷினைச் சுற்றவிட்டால் கரண்ட். சுற்றியுள்ள நாலைந்து ஸ்டோருக்கும் போதும் என்று விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொல்லியும் போனார். ஆனால் ஓடை பிறப்பது எங்களுக்கு மேலே இருக்கிற காட்டில். மெஷின் வைக்கத் தோதான இடம் எங்களுக்குக் கீழே இருக்கிற காட்டில். ஆக, எல்லாரும் சேர்ந்தால்தான் ஆகும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டினார். நான் சுழியமும் காபியும் போட்டேன். தேர் இழுக்க வந்த கூட்டம் மாதிரி நிறைய பேர் வந்தார்கள். வடத்தில்தான் யாரும் கை வைக்கவில்லை.

மேல்காட்டுக்காரர் முதலில் தொண்டையைச் செருமினார். "தண்ணி பொறக்குறது ஏங்காட்டுல. அப்ப மெஷினும் ஏங்காட்டுலதான் இருக்கணும்."

"அண்ணே, தண்ணி கீழ விழுந்தாத்தான விசை. மேல மெஷின வச்சு என்ன பண்ண?" என்றார் இவர்.

"அப்ப எனக்கு என்ன மரியாத?"

கீழ்காட்டுக்காரர் மெஷின் சத்தத்தில் தன் ஆட்கள் தூங்க முடியாது என்றார். ஓடைச் சத்தத்தில் தூங்குகிறவர்கள் மெஷின் சத்தத்தில் தூங்க மாட்டார்களாம். இன்னொருவர், இதையெல்லாம் கவர்மெண்ட் செய்து தரட்டும் என்றார். எந்தக் கவர்மெண்ட், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு சண்டை. காடு அந்த மாநிலம், காட்டுக்காரர்கள் இந்த மாநிலம். எந்த ஆபீஸ் படியில் ஏறுவது என்றே அவர்களால் முடிவுகட்ட முடியவில்லை. கடைசியில் பேச்சு எப்படியோ பழைய கல்யாணம் ஒன்றில் யார் யாருக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்பதில் போய் நின்றது. சுழியம் தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்கிற ஜாதி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, காலித் தம்ளர்களைக் கழுவாமலே இரண்டு நாள் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு வாரம் இவர் அதே யோசனையாக இருந்தார். அப்புறம், "கூட்டா முடியலன்னா தனியா செய்வோம்" என்றார். அங்கேதான் வழி தப்பியது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கும் அது வீரமாகத்தான் பட்டது.

சித்திரையில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். சூரிய வெப்பத்தில் இயங்குகிற உலர்த்தி விற்கிற ஆள். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்ன மாதிரிப் பெட்டியை வைத்தான். மேலே கண்ணாடி, பக்கத்தில் கறுப்புப் பலகைகள், உள்ளே சூட்டுக் காற்றைச் சுற்றிவிட, அதே வெயிலில் ஓடுகிற ஒரு விசிறி. போடியில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். மாடியில் செருப்பில்லாமல் கால் வைத்தால் பொத்துப்போகும். அந்த மாதத்தில் பறிக்கக் காய் கிடையாது. அதனால் சந்தையிலிருந்து மிளகாய் வாங்கிவந்து பரப்பினோம். சாயங்காலத்துக்குள் சருகாகிவிட்டது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் மாடியேறி வந்து பார்த்து "அடேங்கப்பா" என்றார்கள். நானும்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். "தம்பி, மழ நாள்ல என்னய்யா பண்றது?"

"அதுக்குத்தானுங்க மேடம் லைன் கரண்ட் இருக்குதுங்களே. கூடவே ஹீட்டர் ஒண்ணு வெச்சுத் தந்தர்றோமுங்க. மானம் மூடுனா ஸ்விச்சப் போட்டா முடிஞ்சுதுங்க."

மறுநாள் மேலே காட்டுக்கும் வந்து பார்த்தான். சித்திரையில் அங்கேயும் நல்ல வெயில்தான். ஸ்டோருக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு மரத்தை எடுத்துவிட்டால் பலகைக்கு இன்னும் வெயில் விழும் என்றான். "மரத்தத் தொடற பேச்சு வேணாம்" என்று இவர் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். சரி என்று, மரங்களுக்கு நடுவே இருந்த கொஞ்சம் வெட்டவெளியில் பலகைகளை வரிசையாக நிறுத்தினார்கள். பழைய டீசல் பர்னருக்கு விலை போட்டுக் கழித்துக்கொள்வதாகச் சொன்னான். அதையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. பர்னர் வளைவில் மறைகிற வரைக்கும் இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சனியன் தொலைந்தது என்று என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

சாமான் வாங்குகிறவன், அது தேவைப்படுகிற மாதத்தில், தேவைப்படுகிற இடத்தில் நின்று பார்க்க வேண்டாமா? பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். போடிக்காரனுக்குத் தோன்றாது. ஏனென்றால் ஆடி ஆவணியிலும் போடியில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். மலை மழையையெல்லாம் அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் காற்றும் வெயிலும்தான். அந்தக் காற்றில் தேனிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கரண்ட் எந்த ஊருக்குப் போகிறதோ, எங்கள் காட்டுக்கு வராது. எங்கள் காட்டுக்கு வருவது அந்த மாநிலத்து லைன். ஒரு பலாக் கிளை முறிந்து விழுந்தால் போச்சு.

ஆடியில் முதல் பறிப்பு. நான் மேலே போயிருந்தேன். இவர் ஏதோ சோலியாகப் போடியில் தங்கிவிட்டார். மேலே கோட இறங்கிவிட்டது. மூடுபனிக்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். இவர் போனில் கூப்பிட்டார்.

"மெஷினு எப்படிப் போகுது? வெயிலு எப்படி?"

"வெயிலா? எனக்கு முன்னால நிக்கிற ஆளே தெரியல."

"என்ன சொல்ற? இங்க மண்டையப் பொளக்குதே!"

"அப்ப அத ஒரு சாக்குல கட்டி ஜீப்புல ஏத்தி விடுங்க. வெரசா."

சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாகிவிட்டது.

லைன் கரண்டில் ஹீட்டரைப் போட்டு ஆடியையும் ஆவணியையும் ஓட்டினோம். எங்கள் ஹீட்டர் ஓடினால் சரிவு முழுக்க பல்புகள் மங்கும். கீழ்காட்டுக்காரர் ஆள் அனுப்பித் திட்டினார். காய் பாதி பச்சையும் பாதி வெளுப்புமாக வந்தது. இவரும் மேலே வந்து தங்கினார். ஒவ்வொரு நாளும் காலையில் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "மத்தியானம் விடும்" என்பார். மத்தியானம், "நாளைக்கு விடும்" என்பார். கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு பலகைகளில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மழைக்குள் நின்றுகொண்டு சூரியனுக்குக் கண்ணாடி துடைத்த மனுஷர் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

எங்கள் ஸ்டோரில் எங்கள் காய் மட்டும் உலரவில்லை. கீழே சிலமலை என்கிற ஊர்க்காரி ஒருத்தியும் அவள் புருஷனும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து, எங்களுக்கு ஒட்டினாற்போல் ஒரு துண்டுக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். அதுவரைக்கும் ஜீப்பில் அடைந்து வந்து அடுத்தவர் காட்டில் பறித்தவள், முதல் தடவையாகத் தன் காட்டில் பறித்தாள். ஸ்டோர் கட்ட அவர்களுக்கு ஏது வசதி? எங்களிடம்தான் கொண்டுவந்து கொட்டுவாள். "யக்கா, உங்கள நம்பித்தான் எறங்கியிருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்துச் சொன்னாலும் அது சாதாரண பேச்சில்லை.

ஐப்பசியில் வந்தது வினை. மழை என்றால் அப்படி ஒரு மழை. போடிமெட்டு ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு அப்படியே சரிந்து கீழே போய்விட்டது. ஜீப்பும் வராது, டீசலும் வராது. மூணாறுப் பக்கம் சுற்றிப் போகலாம் என்றால் அங்கேயும் மண் விழுந்து கிடந்தது. லைன் எங்கே அறுந்தது என்றே தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் காடு முழுக்கக் காய். அவ்வளவு நல்ல விளைச்சலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரோடு உடைகிறதுக்கு முதல் நாள் வரைக்கும் பறித்த காய் எங்கள் ஸ்டோர் தரையில் தார்ப்பாயில் குவிந்து கிடந்தது. எங்களுடையது ஒரு குவியல், சிலமலைக்காரியுடையது ஒரு குவியல். கீழ்காட்டு ஸ்டோரில் கேட்டுப் பார்த்தோம். கீழ்காட்டுக்காரரால் கையில் இருந்த டீசலை வைத்துத் தன் காயையே பாதிதான் காயப்போட முடிந்தது. பாவம், அந்த நேரத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஓடை மட்டும் இடித்துக்கொண்டு ஓடியது. நாங்கள் பேசுவது ஒருத்தருக்கொருத்தர் கேட்கவில்லை. கத்தித்தான் பேசினோம்.

சிலமலைக்காரி தன் குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். முகம் மாறியது.

"யக்கா, உள்ள சூடாகுது. கைய விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். ஈரக் காய் குவிந்து கிடந்தால் தானாகவே உள்ளுக்குள் வெந்துகொள்ளும். லேசாகப் புளித்த வாடையும் வந்துவிட்டது. அவள் அழவில்லை. புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்டோரின் பின்பக்கச் சுவரில் பழைய செங்கல் அடுப்பு அப்படியே மூடிக் கிடந்தது. கல்லை எடுத்துவிட்டால் எரிக்கலாம். கொட்டகையில் கிடந்த காய்ந்த கட்டைகள் ஒரு வேளைக்குத்தான் காணும். அதற்கப்புறம்? எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"கெளயக் கழிங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐப்பசியிலயா?"

நிழல் கழிப்பதற்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. வைகாசியில், மழைக்கு முந்தி கழிப்போம். அடுத்த கோடை வருவதற்குள் மரம் தழைத்துக் குடை பிடித்துவிடும். ஐப்பசியில் யாரும் அரிவாளைத் தொட மாட்டார்கள். அப்போது கழித்தால் மழை முடிந்துபோகும், தழைக்கிறதற்கு முந்தியே கோடை வந்துவிடும். இது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் தெரியாமல் இல்லை.

"மரத்துக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம். இவளுக்கு அடுத்த வருசம் இருக்கா? காயி அழுகுனா இவ மொகத்துல எப்பிடி முழிப்பீங்க?"

அவர் மழையில் இறங்கிப் போய் ஒரு அயினி மரத்தடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ. பிறகு மரமேறுகிற ஆளைக் கூப்பிட்டார். முதல் நாள் கீழே நின்று, "அது வேணாம், அதுக்குப் பக்கத்துல... ஆங், அந்தச் சின்னது" என்று ஒவ்வொரு கிளையாகக் கை காட்டினார். எது போனால் எந்தச் செடிக்கு வெயில் விழும் என்று கணக்குப் பார்த்துப் பார்த்துக் காட்டினார். பச்சை விறகு சீக்கிரம் தீர்ந்தது. இரண்டாம் நாள் அவர் கை காட்டவில்லை. "எதுன்னாலும் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

மழையில் ஊறிய பச்சைக் கட்டை லேசில் பிடிக்குமா? புகைதான் கிளம்பியது. ரோடு உடைந்ததில் கீழே போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஜீப் டிரைவர் ஒருத்தர் எங்களோடுதான் இருந்தார். "மதினி, ஜீப்புல கொஞ்சம் டீசல் கெடக்கு" என்றார். டாங்கியில் ரப்பர் டியூபை விட்டு வாயால் உறிஞ்சினார். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. "அய்யய்யே, தூ" என்று துப்பிக்கொண்டே, "ஜீப்புக்கு நாப்பது வருசமா ஊத்துறேன், இன்னைக்குத்தான் ருசி தெரியுது" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த நாட்களில் சிரித்தது அது ஒன்றுதான். அந்த டீசலைத் தொட்டுத் தொட்டுத்தான் பச்சைக் கட்டையைப் பற்றவைத்தோம். எதை ஒழிக்கப் போகிறோம் என்று இவர் கிளம்பினாரோ, அந்த இரண்டும் சேர்ந்து எங்கள் அடுப்பில் எரிந்தன.

எங்கள் ஸ்டோரில் புகை கிளம்பியதைப் பார்த்ததும் மேல்காட்டிலும் அரிவாள் சத்தம் கேட்டது. பிறகு கீழ்காட்டில். பங்குனியில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஒன்றுக்கும் ஒத்துப்போகாத ஆட்கள் ஐப்பசியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒற்றுமையாகிவிட்டார்கள். சட்டத்தை யாரும் மீறவில்லை. அங்கே மரத்தைத்தான் வெட்டக் கூடாது, கிளை கழிக்கலாம். கழித்தோம். ரோடு சரியாகி ஜீப் வந்தபோது சரிவு முழுக்கக் கம்பங்கள் நட்ட மாதிரி மரங்கள் நின்றன.

காய் தப்பியது. முழுக்க இல்லை, ஆனாலும் தப்பியது. சிலமலைக்காரியின் குவியலை முதலில் ஏற்றச் சொன்னார் இவர். அதில் பாதிக்கு மேல் பச்சையாக வந்தது. அவள் தட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளைத் தாண்டி வாசல் வழியாக இவரைப் பார்த்தேன். ஒரு மொட்டை மரத்தின் வெட்டுவாயில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வந்த கோடையைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். மாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. நிழலிலேயே பிறந்து நிழலிலேயே வளர்ந்த செடிகள் அவை. முதலில் இலை ஓரம் பழுத்தது. பிறகு தட்டை என்று நாங்கள் சொல்கிற தண்டுகள் ஒவ்வொன்றாக மடங்கிப் படுத்தன. இவர் பச்சை வலை வாங்கிவந்து கட்டினார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். நூல் மாதிரி ஓடிய ஓடை அந்த வருஷம் அதுவும் இல்லாமல் நின்றுவிட்டது. மேல்காட்டுக்காரர் ஒரு நாள் வந்து எங்கள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "அந்த மெஷின் விசயத்த மறுபடி பேசலாமா?" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அவர் காடு எங்கள் காட்டைவிட மோசம்.

சிலமலைக்காரி குத்தகையை விட்டுவிட்டாள். இப்போது பழையபடி விடியற்காலை ஜீப்பில் ஏறி வேறு காட்டுக்குப் பறிக்கப் போகிறாள். போடியில் ஒரு நாள் பார்த்தேன். "விடுங்கக்கா, அந்த ஐப்பசிக் காயாச்சும் கெடச்சுச்சே" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்தோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. மரமும் போய், அவள் காடும் போய், டீசல் தேடுகிற அந்தப் பழைய வாழ்க்கைக்கே எல்லாரும் திரும்பிவிட்டோம். கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்கில் நிற்கிறவர்களைப் பார்த்தால் இவர் இப்போது பேசாமல் கடந்து போகிறார். எண்ணெய் ஒரு நாள் தீரும் என்பதை இன்னும் மாற்றிச் சொல்லவில்லை. ஏற்பாடு பண்ண வேண்டும் என்று சொல்வதைத்தான் நிறுத்திவிட்டார்.

அந்தக் கோடை முடிந்து வந்த ஆடியில் மழை தள்ளிப்போனது. பிழைத்துக் கிடந்த கொஞ்சம் செடிகளில் காய் பிடித்திருந்தது. நானும் அவரும் மட்டும் பறித்தோம். அலசி, ஒரு தட்டில் பரப்பி, அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி வைத்துவிட்டுப்போன உலர்த்திக்குள் தள்ளினோம். தடுக்க மேலே ஒரு இலை இல்லை. காலையிலிருந்து பலகைகள் மேல் வெயில் கொட்டியது. கரண்ட் வேண்டியிருக்கவில்லை, டீசல் வேண்டியிருக்கவில்லை, ஒரு சுள்ளி வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் தட்டை வெளியே இழுத்தோம். அப்படி ஒரு பச்சை. எங்கள் ஸ்டோரிலிருந்து அதற்கு முன்னால் அப்படி ஒரு காய் வந்ததே இல்லை.

அவர் உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி, வியாபாரி பார்க்கிற மாதிரி பார்த்தார். எனக்கு நீட்டினார். "பாத்தியா? நான் சொன்னேன்ல, இந்த வெயிலு போதும்னு?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "ம், அடுத்த தட்டக் கொண்டா" என்றார்.

அடுத்த தட்டுக்குக் காய் இல்லை. அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.